சிவப்பு மை படாத ஒரு நோட்டு

போன வருஷம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த புதுசு. எங்கள் மருத்துவமனை ஓபிக்கு ஒரு டீச்சர் வந்தாங்க. அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறவங்க. வயசு 48. தலைவலி, தூக்கம் இல்லை. பிபி பார்த்தால் 168/100.

புதுசா பிபி கண்டுபிடிக்கிற எல்லாருக்கும் நான் ஒரு விஷயம் சொல்வேன். ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. காலையில் மாத்திரை போடும் முன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அஞ்சு நிமிஷம் அமைதியா உட்கார்ந்துட்டு பிபி பார்த்து, தேதி போட்டு எழுதிட்டு வாங்க. வீட்டில் மெஷின் இல்லாதவங்க பக்கத்து துணை சுகாதார நிலையத்தில் பார்த்து எழுதலாம்.

பாதிப் பேர் எழுத மாட்டாங்க. எழுதுறவங்களில் சிலர் ஆஸ்பத்திரிக்கு கிளம்பும் முன்னாடி ஒரே பேனாவில் 15 நாளைக்கும் சேர்த்து 120/80, 120/80ன்னு எழுதிட்டு வருவாங்க. எங்களுக்குத் தெரியும். நாங்களும் ரெக்கார்டு நோட்டு எழுதி பாஸ் ஆனவங்கதானே.

இந்த டீச்சர் இரண்டு வாரம் கழித்து நோட்டை நீட்டினாங்க. வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு நம்பர் பக்கத்திலும் ஒரு வரி.

"காலை 6.10. 150/94. ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்தேன்."

"மாலை 7.30. 164/100. ரிசல்ட் பற்றி மீட்டிங். எல்லார் முன்னாலும் கேட்டார்கள்."

"மாலை 7.00. 138/86. ஒன்பதாம் வகுப்பில் இன்று மழை பற்றிப் பேசினோம். ரொம்ப நாள் கழித்து நன்றாகச் சிரித்தேன்."

நான் படிப்பதைப் பார்த்ததும் அவங்களுக்குக் கூச்சம். "தப்பா எடுத்துக்காதீங்க சார். பக்கத்துல இடம் இருந்துச்சு, எழுதிட்டேன். தினமும் பாடக்குறிப்பு, அந்த ரெஜிஸ்டர், இந்த ரெஜிஸ்டர்னு கை வலிக்க எழுதுறேன். எனக்காக ரெண்டு வரி எழுதி இருபது வருஷம் இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. நானும் ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஓபி சீட்டில் எழுதுகிறேன். அதில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை.

அந்த நோட்டில் இன்னொன்றும் இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் பிபி எகிறியிருந்தது. ஞாயிறுதானே ஓய்வு, அன்றைக்கு ஏன் ஏறணும்? பக்கத்தில் அவங்களே எழுதியிருந்தாங்க: "மாத்திரை ஸ்கூல் பையில். மறந்துவிட்டேன்." பிரேயர் முடிந்து ஸ்டாஃப் ரூமில் மாத்திரை போடுவது அவங்க பழக்கம். லீவு நாளில் பை திறக்கிறதே இல்லை. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் மாத்திரையின் டோஸை ஏற்றி அனுப்பியிருப்பேன். இரண்டு நிமிஷ ஓபியில் அவ்வளவுதான் யோசிக்க முடியும்.

அதற்கப்புறம் பிபி கட்டுக்குள் வந்தது அம்லோடிபினால், உப்பைக் குறைத்ததால். டைரி எழுதினால் பிபி இறங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி யாராவது சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொன்னால் நம்பாதீங்க. ஆனால் தன் வாழ்க்கையைத் தானே ஒரு வரி எழுதிப் பார்க்கிறவருக்கு, ஆஸ்பத்திரியில் யாரும் காட்ட முடியாத ஒன்று தெரிகிறது.

டீச்சர் அதோடு நிற்கவில்லை. ஒன்பதாம் வகுப்பிலும் ஆரம்பிச்சிட்டாங்க. தினமும் முதல் பீரியடில் 10 நிமிஷம், ஆளுக்கொரு நோட்டு, மனசில் தோன்றுவதை எழுதணும். வெள்ளிக்கிழமை நோட்டு எல்லாம் மேஜைக்கு வந்துடணும். திருத்தித் தருவாங்க.

அடுத்த மாதம் மாத்திரை வாங்க வந்தப்போ முகம் சரியில்லை. "சார், முப்பத்தியெட்டு நோட்டும் ஒரே நோட்டா இருக்கு. காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், பள்ளிக்குச் சென்றேன், இரவு உறங்கினேன். இதுங்களுக்கு எழுதவே வராது போல."

எழுத வராமல் இல்லை. அந்தப் பிள்ளைங்க கெட்டிக்காரங்க. யார் படிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு, படிக்கிறவருக்கு எது போதுமோ அதை மட்டும் எழுதியிருக்காங்க.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அப்படி ஒரு பிள்ளை. எட்டாம் வகுப்பில் எங்களுக்கும் ஒரு சார் தினம் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். நல்ல மனுஷன். நான் நம்பி, அப்பா குடித்துவிட்டு வந்த ஒரு ராத்திரியைப் பற்றி எழுதினேன். அவர் திட்டவில்லை. "எவ்வளவு நல்லா எழுதியிருக்கான் பாருங்கடா" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். பாராட்டத்தான் வாசித்தார். சாயங்காலம் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் நான் எனக்கென்று பேனா எடுத்தது 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், பிபிஇ கிட்டைக் கழற்றிவிட்டு ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்தபோது. நடுவில் கிட்டத்தட்ட இருபது வருஷம்.

பாராட்டுகூட ஒரு பிள்ளையின் எழுத்தை நிறுத்திவிடும். அதனால்தான் டீச்சரிடம் சொன்னேன், நோட்டை வாங்காதீங்க. படிக்காதீங்க. திருத்தாதீங்க.

"அப்புறம் அது எதுக்கு சார்? பிள்ளைங்க எழுதுதான்னே தெரியாதே?"

நியாயமான கேள்வி. இதற்கு மருத்துவத்தில் கொஞ்சம் பதில் இருக்கு.

1986ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். 46 கல்லூரி மாணவர்கள். தொடர்ந்து 4 நாள், தினமும் 15 நிமிஷம் எழுதணும். சிலருக்கு சாதாரணத் தலைப்பு. மற்றவர்களுக்கு வாழ்க்கையில் மனதை உலுக்கிய ஒரு சம்பவம். நடந்ததையும் அப்போது மனதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த 6 மாதத்தில் கல்லூரி மருத்துவ மையத்துக்கு வந்தது குறைந்திருந்தது. இந்த வகை எழுத்துக்கு அவர் கொடுக்கும் குறிப்பு முக்கியம்: எழுத்துப்பிழை, இலக்கணம் எதையும் பார்க்காதே, நிறுத்தாமல் எழுது.

1999ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் இன்னொன்று வந்தது. ஆஸ்துமா அல்லது முடக்குவாதம் உள்ள 112 பேர். 3 நாள், தினம் 20 நிமிஷம். தங்கள் துயரத்தை எழுதியவர்களுக்கு 4 மாதம் கழித்துப் பார்த்தபோது சாதாரண விஷயம் எழுதியவர்களைவிட நோயின் நிலை நன்றாக இருந்தது.

உடனே மருந்துச் சீட்டில் 'டைரி 1-0-1' என்று எழுதிவிட முடியாது. 2006ல் இப்படிப்பட்ட 146 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். பலன் இருக்கு, ஆனால் சின்னது. அதோடு, கனமான விஷயத்தை எழுதி முடித்தவுடனே மனசு லேசாகாது, கொஞ்ச நேரம் இன்னும் கனக்கும். பென்னிபேக்கரின் முதல் ஆய்விலேயே இது தெரிந்தது. அதனால் வீட்டில் ஒரு சாவு நடந்து மூணாம் நாள் வந்திருக்கிற பிள்ளையை "எழுதுடா, மனசு ஆறும்" என்று வற்புறுத்தக் கூடாது. அவன் ஜன்னல் வழியா பார்த்துட்டு இருந்தாலும் பரவாயில்லை.

நான் டீச்சரிடம் இன்னொன்றும் சொன்னேன். அந்த 10 நிமிஷம் நீங்களும் உட்கார்ந்து எழுதுங்க. பிள்ளைங்க எழுதும்போது நீங்க அட்டென்டன்ஸ் எடுத்தா, அது உங்களுக்கு வேலை, அவங்களுக்கு வீட்டுப்பாடம். நீச்சல் தெரியாதவர் கரையில் நின்று நீச்சல் சொல்லித் தர முடியாது. நம் ஊரில் பல டீச்சர்கள் கட்டுரை சொல்லிக் கொடுக்கிறார்கள், கடைசியாக அவங்க எப்போ ஒரு பக்கம் எழுதினாங்கன்னு கேட்டா பி.எட். பரீட்சையைச் சொல்வாங்க. குறை சொல்லவில்லை. எமிஸ் பதிவேற்றம், விலையில்லாப் பொருள் கணக்கு, தேர்தல் பணி என்று எல்லாவற்றையும் அவங்க தலையில் கட்டியது நாம்தான்.

டீச்சர் எழுத ஆரம்பிச்சாங்க. முதல் வாரம் பிள்ளைங்க எழுதவே இல்லையாம், டீச்சர் என்ன எழுதுறாங்கன்னு எட்டி எட்டிப் பார்த்திருக்காங்க. அவங்க நோட்டை மூடிட்டாங்க. "இது என்னோடது. உங்களோடதை நான் பார்க்க மாட்டேன், என்னோடதை நீங்க பார்க்கக் கூடாது." அப்புறம்தான் வகுப்பு அமைதியானதாம். நான் எத்தனை நிமிஷம் விளக்கினாலும் இவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்க மாட்டேன்.

எழுத்து மெதுவா வருகிற நாலைந்து பேர் இருந்தாங்க. அவங்க படம் போட்டாங்க, ஒரே வார்த்தையைப் பக்கம் முழுக்க எழுதினாங்க. ஒருத்தன் கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் எழுதினான். எல்லாம் செல்லும். ஊர்ப் பேச்சில் எழுதலாம், எழுதிட்டு கிழிச்சும் போடலாம். வீட்டில் அம்மா, அண்ணன் எடுத்துப் படிப்பார்கள் என்று பயந்த பிள்ளைகளுக்கு இந்தக் கடைசி விதிதான் தைரியம் கொடுத்திருக்கு.

இப்போ அந்தப் பாப்பா விஷயத்துக்கு வரேன். அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுவிட்டே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் மாற்றியிருக்கிறேன்.

அதே ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில் ஒரு பெண் பிள்ளை மூணு தடவை என் ஓபிக்கு வந்திருக்கு. மூணு தடவையும் சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிவயிற்றில் வலி. மூணு தடவையும் யூரின் டெஸ்ட், சிறுநீர்ப் பாதைத் தொற்று, ஆன்டிபயாடிக். மூணு தடவையும் "தண்ணி நிறைய குடிக்கணும்மா, அடக்கி வைக்கக் கூடாது" என்று சொன்னேன். தலையாட்டிச்சு. அம்மா பக்கத்தில் நின்று எல்லாக் கேள்விக்கும் அவங்களே பதில் சொன்னாங்க. எனக்கும் பின்னால் 60 பேர் க்யூ. மூணாவது தடவை ஸ்கேன் எழுதிக் கொடுத்தேன். நார்மல்.

செப்டம்பர் கடைசியில் டீச்சர் வந்தாங்க. பையில் இருந்து நாலாய் மடித்த ஒரு பேப்பர். "சார், ஒரு பொண்ணு தானா கிழிச்சு என் கையில கொடுத்துச்சு. டாக்டர்கிட்ட காட்டலாமான்னு கேட்டேன், சரின்னுச்சு. இதுல வர்ற டாக்டர் நீங்கதான்னு நினைக்கிறேன்."

அதில் இருந்தது இவ்வளவுதான்: ஸ்கூல் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. யாராவது வெளியே பிடிச்சுக்கணும். போன வருஷம் பிடிச்ச பிள்ளை விளையாட்டுக்கு விட்டுட்டா, எல்லாரும் சிரிச்சாங்க. அதிலிருந்து போறதில்லை. காலையில் இருந்து தண்ணி குடிக்கிறதில்லை. டாக்டர் தண்ணி குடி குடின்னு சொல்றாரு. அவருக்கு என்ன.

அவருக்கு என்ன. அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

மூணு கோர்ஸ் ஆன்டிபயாடிக், ஒரு ஸ்கேன். தேவைப்பட்டது ஒரு தாழ்ப்பாள். தலைமையாசிரியர் மறுநாளே ஆள் வைத்துப் பெண்கள் கழிப்பறைக் கதவு எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டார். யார் எழுதியது என்று அவர் கேட்கவும் இல்லை, டீச்சர் சொல்லவும் இல்லை. அதற்கப்புறம் அந்தப் பிள்ளை இந்தப் பிரச்சினைக்காக என்னிடம் வரவில்லை.

ஒன்றைக் கவனிங்க. நோட்டை வாங்கித் திருத்திய வாரங்களில் இந்தப் பிள்ளையும் 'பல் துலக்கினேன்' என்றுதான் எழுதியிருக்கும். யாரும் படிக்க மாட்டாங்க என்று உறுதியான பிறகுதான், படிக்கிறதுக்கு ஒரு ஆளைத் தானே தேர்ந்தெடுத்தது.

எல்லாப் பேப்பரும் தாழ்ப்பாளோடு முடியாது, அதையும் சொல்லணும். ஒரு பிள்ளை பாலியல் தொந்தரவு பற்றி எழுதிக் கொடுக்கலாம். அப்போ "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கை ஆசிரியரால் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. 2012 போக்சோ சட்டம் பிரிவு 19ன்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகணும். மறைத்தால் பிரிவு 21ல் 6 மாதம் வரை சிறை உண்டு. டாக்டருக்கும் அதே சட்டம்தான். குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்கலாம். அதனால் முதல் நாளே பிள்ளைங்ககிட்ட நேர்மையா சொல்லிடுங்க: உன் நோட்டை நான் திறக்க மாட்டேன். நீயா கொண்டு வந்து காட்டி, அதில் உனக்கு ஆபத்து இருந்தா, உதவி செய்யக்கூடியவங்ககிட்ட கண்டிப்பா சொல்வேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.

சாகணும் போல இருக்கு என்று ஒரு வரி வந்தால், அது சும்மா எழுதினதா என்று ஆராய்ச்சி வேண்டாம். பிள்ளையைத் தனியா விடாதீங்க. திட்டாதீங்க. பெற்றோரைக் கூப்பிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க. 14416 டெலி மானஸ், 104 இரண்டும் இலவசம்.

இந்தப் பயத்திலேயே "எதுக்கு வம்பு, எழுத வைக்க வேண்டாம்" என்று ஒதுங்குகிற ஆசிரியர்கள் உண்டு. எழுதாவிட்டாலும் அந்தப் பிள்ளைக்கு அது நடந்துட்டுதான் இருக்கும். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பழக்கம் பிடிக்க எத்தனை நாள் ஆகும் என்று டீச்சர் கேட்டாங்க. 21 நாள் என்று வாட்ஸ்அப்பில் ஓடிக்கிட்டு இருக்கு. அது 1960ல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் ஒரு புத்தகத்தில் சொன்னதில் இருந்து திரிந்து வந்தது. மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்பது அவர் பார்த்தது. டைரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்து 2010ல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்க நடுவாந்திரமாக 66 நாள் ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். ஆளைப் பொறுத்து 18 நாளும் ஆகலாம், 254 நாளும் ஆகலாம். நடுவில் ஒரு நாள் விட்டுப் போனால் பழக்கம் கெட்டுப் போகவில்லை என்பதும் அதில் வந்தது. காய்ச்சலில் மூணு நாள் எழுதாத பிள்ளை நாலாவது நாள் தொடர்ந்தால் போதும், விட்டுப்போன பக்கத்தை நிரப்ப வைக்காதீங்க. டீச்சருடைய மாத்திரை மாதிரிதான் இதுவும். பிரேயர் முடிந்ததும் என்று ஏற்கனவே நடக்கிற ஒன்றோடு கட்டிவிட்டால் நிற்கும். லீவு நாளில் கட்டு அவிழும். அதற்கு வேற ஒரு முளை தேடணும்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, படுக்கப் போகும் முன் 5 நிமிஷம். 2018ல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதிவிட்டுப் படுத்த இளைஞர்கள், அன்றைக்குச் செய்து முடித்ததை எழுதியவர்களைவிட சுமார் 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கினார்கள். பரீட்சைக் காலத்தில் 9 நிமிஷம் சும்மா இல்லை. தூக்க மாத்திரை கேட்டு வரும் பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன். பேப்பரில் எழுதணும், போனில் வேண்டாம். போனை எடுத்தால் ரீல்ஸில்தான் முடியும்.

என்ன எழுதுறதுன்னு முழிக்கிறவங்களுக்கு ஆனந்தரங்கப் பிள்ளையைச் சொல்வேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்தவர். 1736ல் ஆரம்பித்து 1761ல் இறக்கும்வரை, 25 வருஷம் எழுதினார். கப்பல் வந்தது, சண்டை நடந்தது, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை எல்லாம் இருக்கும். அவர் காலத்தில் யாரும் அதை அச்சுப் போடவில்லை, யாரும் மார்க் போடவுமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள், கல்வித்துறையில் இருக்கிற நண்பர்கள் தப்பா நினைக்கக் கூடாது. தயவுசெய்து இதை ஒரு திட்டமாக்கிடாதீங்க. சுற்றறிக்கை வந்தால் பின்னாடியே படிவம் வரும். எத்தனை மாணவர், எத்தனை பக்கம். அப்புறம் பிள்ளைங்க எழுதுற போட்டோ எடுத்து குரூப்பில் போடச் சொல்வீங்க. அடுத்து சிறந்த டைரிக்கு மாவட்ட அளவில் பரிசு. மறுபடியும் எல்லாரும் பல் துலக்க ஆரம்பிச்சிடுவாங்க. காலையில் 10 நிமிஷத்தை மட்டும் யாரும் கணக்கு கேட்காமல் விட்டுக் கொடுங்க. தலைமையாசிரியர்கள் நினைத்தாலே இது முடியும்.

டீச்சர் போன வாரம் ரிவியூவுக்கு வந்தாங்க. பிபி 132/84. வழக்கமா நோட்டை நீட்டுறவங்க, இந்தத் தடவை ஒரு துண்டுப் பேப்பரில் நம்பரை மட்டும் தனியா எழுதிக் கொண்டு வந்திருந்தாங்க.

"நோட்டு எங்க டீச்சர்?"

"அது பையில இருக்கு சார். நம்பர் மட்டும்தான் உங்களுக்கு."

அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கேன்.